வலைப்பயிற்சி முன்மாதிரி மையம்

8 ஜூலை, செவ்வாய். நேற்று மாலை அனுப்பிய மாத அறிக்கையில் ஒரு பிழை செய்துவிட்டேன். மூன்றாம் பத்தி, இரண்டாம் வரி. "பத்தொன்பது பிள்ளைகளும் தினமும் இருபது நிமிடம் வலுப்பயிற்சி செய்தார்கள்" என்று இருக்க வேண்டும். "வலைப்பயிற்சி" என்று போய்விட்டது. மூன்று முறை படித்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். மூன்று முறையும் கண்ணில் படவில்லை என்றால், இதற்கு முன் அனுப்பியவற்றில் என்னென்ன இருக்குமோ தெரியவில்லை. நாளை காலை பத்து மணிக்கு அலுவலகத்துக்கு போன் செய்து திருத்தச் சொல்ல வேண்டும்.

இதை எழுதி முடித்த ஜாக்குலின், இதிலும் ஏதாவது பிழை இருக்குமோ என்று இன்னொரு முறை படித்தாள். இல்லை. அதனால் சந்தேகம் அதிகமானதே தவிரக் குறையவில்லை.

குற்றம் பாதிக்கு மேல் போனுடையது. அவளுடைய நைனா, மீனவரான அப்பா அந்தோணிசாமிக்காக அவள் வலைக்கடைக்கும் கூட்டாளிகளுக்கும் ஐந்து வருடமாகச் செய்தி அடித்துக்கொடுத்த போன் அது. "வ" தொட்டு "ல" தொட்டால் போதும், மிச்சத்தைத் தானே போட்டுக்கொள்ளும். புதுக்கரைக் குப்பத்தில் "வல" என்று ஆரம்பித்தவர் வேறு எதையும் சொல்ல வந்திருக்க மாட்டார் என்பது அதன் தீர்மானம்.

புதுக்கரைக் குப்பம் பழவேற்காடு ஏரியின் ஓரத்தில் இருக்கிறது. அங்கே புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் மாடி அறையில் ஜாக்குலின் இரண்டு வருடமாக மாலை வகுப்பு எடுக்கிறாள். ஐந்தரை முதல் ஏழரை வரை. குப்பத்துப் பிள்ளைகளும் பக்கத்துத் தெரு முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகளுமாகப் பத்தொன்பது பேர். இந்த ஜூன் வரை அங்கே கணக்கும் தமிழும் ஆங்கிலமும் மட்டும்தான் நடந்தன. ஜூனில் ஒரு சுற்றறிக்கை வந்தது.

சிறார் வலுவளர்ச்சி இயக்ககம் என்று ஒன்று புதிதாகத் தோன்றியிருந்தது. நாட்டுப் பிள்ளைகள் வலுவிழந்துவிட்டார்கள் என்று அது கண்டுபிடித்திருந்தது. எங்கே கண்டுபிடித்தது என்று சுற்றறிக்கையில் இல்லை. இயக்கக அதிகாரிகளின் வீடுகளிலேயே கண்டுபிடித்திருக்கலாம். இனி மாலை வகுப்புகள் எல்லாம் அந்த இயக்ககத்தின் கீழ் வரும். எல்லா வகுப்பிலும் தினமும் இருபது நிமிடம் வலுப்பயிற்சி நடக்க வேண்டும். அதற்காக ஒரு கிலோ டம்பெல் இரண்டு, ரப்பர் பட்டை ஐந்து, கையால் அழுத்தினால் முள் நகர்ந்து பிடிவலுவைக் காட்டும் கருவி ஒன்று, விதிகள் இருபத்திரண்டு ஆகியவை வந்து சேர்ந்தன.

விதிகளில் ஏழாவதை ஜாக்குலின் அடிக்கோடிட்டு வைத்திருந்தாள். "பயிற்சியின் விளைவாகப் பயனுள்ள எப்பொருளும் ஓரிடத்திலிருந்து மற்றோர் இடத்துக்கு நகர்ந்திருக்கக் கூடாது." பயனுள்ளது நகர்ந்தால் அது வேலை. பிள்ளைகள் வேலை செய்தால் அது குற்றம். ஆகவே, ஏழாம் வகுப்பு அர்ஷியா தினமும் காலையில் தெருக்குழாயிலிருந்து இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாக இரண்டு குடம் தண்ணீர் கொண்டுபோவது பயிற்சியில் சேராது. தண்ணீர் வீடு போய்ச் சேர்ந்துவிடுகிறதே. அவள் மாலையில் வந்து ஒரு கிலோ டம்பெல்லைப் பத்து முறை தூக்கி, எடுத்த இடத்திலேயே வைத்தால்தான் கணக்கு.

முதல் நாள் அளவெடுப்பின்போதே அர்ஷியாவின் அம்மா மரியம் பீவி மாடிப்படியில் வந்து நின்றாள். மரியம் பீவிக்கு எதிலும் சந்தேகம். தபால்காரர் சிரித்தால்கூட என்ன விஷயம் என்று கேட்பவள்.

"இன்னா டீச்சரம்மா, புள்ளைங்க கைய எதுக்கு அளக்குறீங்க?"

"வலுவு எவ்ளோ கீதுனு பாக்கறதுக்குக்கா."

"பாத்து?"

"எழுதி அனுப்பணும்."

"அனுப்பி?"

ஜாக்குலினுக்கு அதற்கு மேல் தெரியாது. சுற்றறிக்கையிலும் அதற்கு மேல் இல்லை.

"வலைக் கண்ண அளந்துகினு போனாங்க. மறுவாரம் வந்து வலையத் தூக்கினு போனாங்க. கரைய அளந்துகினு போனாங்க. வேலி வந்துச்சு. இப்ப புள்ளைங்க கை. நான் ஒண்ணும் சொல்லல. உஷாரா இருனு சொல்றேன்" என்று சொல்லிவிட்டு மரியம் பீவி இறங்கிப் போனாள்.

அந்தச் சந்தேகம் நியாயமானதா என்று ஜாக்குலின் அன்றைய நாட்குறிப்பில் அரைப்பக்கம் யோசித்து, முடிவு கிடைக்காமல், "பிறகு பார்க்க வேண்டும்" என்று எழுதி வைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்கு அவள் போன் செய்தபோது அலுவலக உதவியாளர் ஒருவர் எடுத்தார்.

"அறிக்கை மேல போயிடுச்சேம்மா."

"ஒரே ஒரு எழுத்துதான் சார். லு வரவேண்டிய எடத்துல லை வந்துடுச்சு."

"எழுத்துத் திருத்தம்னா ஒரு படிவம், சொல் திருத்தம்னா வேற படிவம். அது இருக்கட்டும். திருத்தம்னு நீங்க எழுதிக் குடுத்தா உங்க மையம் 'ஐயத்துக்குரியவை' பட்டியலுக்குப் போயிடும். விசாரணை முடியறவரைக்கும் அறையப் பூட்டிச் சாவிய இங்க ஒப்படைக்கணும்."

"விசாரணை எப்ப முடியும் சார்?"

"இதுவரைக்கும் எதுவும் முடிஞ்சதில்ல. இயக்ககமே ஆரம்பிச்சு ரெண்டு மாசம்தானே ஆவுது."

ஜாக்குலின் போனை வைத்துவிட்டு அறையைப் பார்த்தாள். இரண்டு டியூப்லைட், ஒரு மின்விசிறி, நான்கு பெஞ்சு. குப்பத்தில் மழை ஒழுகாத, டிவி சத்தம் கேட்காத, உட்கார்ந்து எழுத இடமிருக்கிற அறை அது ஒன்றுதான். பத்தொன்பது பேரில் பதினோரு பேருக்கு வீட்டில் படிக்கத் தெரிந்தவர் யாரும் இல்லை. ஒருமுறை அவளுக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் அறை பூட்டிக் கிடந்தபோது நான்கு பிள்ளைகள் திரும்பி வரவில்லை. வீடுவீடாகப் போய்க் கூட்டி வருவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. பூட்டினால் வகுப்பு போய்விடும். அதில் மட்டும் அவளுக்குச் சந்தேகம் இல்லை.

எனவே திருத்தவில்லை. ஒரு எழுத்துதானே, யார் படிக்கப் போகிறார்கள் என்று நினைத்தாள். அரசு அலுவலகங்களைப் பற்றி அவள் கொண்டிருந்த தவறான எண்ணங்களில் அதுவும் ஒன்று.

படித்துவிட்டார்கள். ஜூலை இருபத்து மூன்றாம் தேதி புதன்கிழமை மாலை இரண்டு ஜீப்புகள் வந்தன. முதலாவதிலிருந்து இணை இயக்குநர் திருவேங்கடம் இறங்கினார். அவருடைய பையை ஒருவரும் தண்ணீர் பாட்டிலை இன்னொருவரும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டாவதிலிருந்து இறங்கியவர் பயிற்சி வல்லுநர் பிரதாப். பன்னிரண்டு நாள் படிப்பில் சான்றிதழ் பெற்றவர். கழுத்தில் விசில் தொங்கியது. திருவேங்கடம் மாடி ஏறவில்லை. பிள்ளைகளைக் கீழே வரவழைத்துப் பேசினார்.

"குழந்தைகளே! பணியில் சேர்ந்த இருபத்தாறு ஆண்டுகளில் நான் ஒரு பொருளையும் தூக்கியதில்லை. என் பையைக்கூட மற்றவர்கள்தான் தூக்குகிறார்கள். ஆகவே வலுவின் அருமை என்னைவிட வேறு யாருக்குத் தெரியும்? மாநிலம் முழுதும் பிள்ளைகள் டம்பெல் தூக்குகிறார்கள். அதில் புதுமை இல்லை. புதுமை இல்லாத திட்டத்துக்குக் கையேடு போட முடியாது. கையேடு போட முடியாத திட்டம் திட்டமே அல்ல. நான் கவலையில் இருந்தேன். அப்போது உங்கள் ஆசிரியை 'வலைப்பயிற்சி' என்று ஒரு சொல் எழுதினார். அதைப் படித்ததும் நான் மதிய உணவைப் பாதியில் நிறுத்திவிட்டேன். பிறகு சாப்பிட்டேன்."

பிரதாப் கைதட்டினார். பையைப் பிடித்திருந்தவருக்குத் தட்ட முடியவில்லை.

ஜாக்குலின் முன்னால் வந்தாள். "சார், அது எழுத்துப் பிழை சார்" என்றாள்.

"பெரிய கண்டுபிடிப்பெல்லாம் அப்படித்தான்மா வரும். அதை எங்கயும் எழுத்துல மட்டும் குடுத்துடாதே" என்றார் திருவேங்கடம். அந்த நிமிடமே புதுக்கரைக் குப்பம் மாலை வகுப்பு, வலைப்பயிற்சி முன்மாதிரி மையம் ஆயிற்று.

வலை எது என்பதில் முதல் சிக்கல் வந்தது. குப்பத்தில் வலைக்குப் பஞ்சமில்லை. ஆனால் அவையெல்லாம் மீன் பிடிக்கும் வலைகள். பயனுள்ளவை, ஏழாம் விதிக்கு விரோதமானவை. ஆகவே இயக்ககமே ஒரு வலையை வடிவமைத்தது. ஆகஸ்ட் முதல் வாரத்தில் லாரி புறப்பட்டது. பழவேற்காட்டுக்குத் திரும்ப வேண்டிய இடத்தில் திரும்பாமல் நெடுஞ்சாலையிலேயே நேராக ஆந்திர எல்லை ஆரம்பாக்கம் வரைக்கும் போய், அங்கே யாரும் தன்னை எதிர்பார்க்கவில்லை என்பதை ஒரு நாள் காத்திருந்து தெரிந்துகொண்டு, மறுநாள் வந்தது. முதல் பெட்டியைப் பிரித்த பிரதாப் வலையை விரித்துக் காட்டினார். மஞ்சள் நிறம். ஒவ்வொரு கண்ணிலும் ஒரு பூசணிக்காய் நுழையும்.

அந்தோணிசாமி அதைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இதுல இன்னா மீனு மாட்டும் சார்?"

"எதுவும் மாட்டாது. அதான் ஸ்பெஷலே."

"மாட்டாத வலைய எதுக்கு இழுக்கறது?"

"வலுவுக்கு."

அந்தோணிசாமி வலையைப் பார்த்தார், பிரதாப்பைப் பார்த்தார், பிறகு மகளைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்: "இவுரு நல்லாத்தானே கீறாரு?"

லாரியில் மொத்தம் நூற்று நாற்பது பெட்டிகள் இருந்தன. முன்மாதிரி மையம் என்றால் மாவட்டத்தின் மற்ற மையங்களுக்கான வலைகளும் அங்கேதான் இருப்பில் இருக்க வேண்டுமாம். பெட்டிகள் மாடி அறையைச் சுவரிலிருந்து சுவர் வரை, தரையிலிருந்து மின்விசிறி வரை நிறைத்தன. பெஞ்சுகள் அவற்றுக்கு அடியில் போயின. வகுப்பு படிக்கட்டுக்கு வந்தது. ஜாக்குலின் முறையாக யோசித்து, மூன்றாம் வகுப்பை மூன்றாம் படியிலும் ஐந்தாம் வகுப்பை ஐந்தாம் படியிலும் என்று வரிசையாக உட்கார வைத்தாள். எட்டாம் வகுப்பு தஹ்சீனுக்கு மேலே திரும்பும் இடத்தில் வெளிச்சம் போதவில்லை. அவனைக் கீழே இறக்கலாமென்றால் ஒழுங்கு கெடுகிறதே என்று இரண்டு நாள் தயங்கி, மூன்றாம் நாள் இறக்கினாள்.

அறையைக் காப்பாற்றுவதற்காகத்தான் பிழையைத் திருத்தாமல் விட்டாள். இப்போது சாவி அவளிடம்தான் இருந்தது. அறைதான் இல்லை.

இரண்டாவது சிக்கல் அர்ஷியா. பயிற்சிக்கு முன் பிடிவலு எவ்வளவு, பின் எவ்வளவு என்று காட்ட வேண்டும் என்று பிரதாப் எல்லாரையும் கருவியை அழுத்தச் சொன்னார். பன்னிரண்டு வயதுக்குப் பத்தொன்பது கிலோ என்று அவருடைய அட்டவணையில் இருந்தது. அர்ஷியா அழுத்தினாள். முள் இருபத்தெட்டில் நின்றது.

"மெஷின் ரிப்பேர்" என்றார் பிரதாப். வேறு கருவி வந்தது. அதில் இருபத்தொன்பது. மூன்றாவது கருவியிலும் அதே. பிரதாப் அர்ஷியாவின் பிறப்புச் சான்றிதழைக் கேட்டு வாங்கி, வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"இது பெரிய பிரச்சினை மேடம். மாசம் பத்து சதவீதம் வளர்ச்சி காட்டணும். மொதல்லயே இவ்ளோ இருந்தா எங்க போய் வளர்றது? ஏற்கெனவே வலுவா இருக்கிற பிள்ளைக்குப் படிவத்துல கட்டமே இல்ல."

"இப்ப இன்னா சார் பண்றது?"

"அடிப்படை நிலைக்குக் கொண்டு வரணும்."

அடிப்படை நிலைக்குக் கொண்டு வருவது என்றால் என்னவென்று மூன்று பக்க வழிகாட்டுதல் இருந்தது. பதினைந்து நாள் பிள்ளைகள் தண்ணீர் தூக்கக் கூடாது. படகைக் கரையேற்றும்போது கைகொடுக்கக் கூடாது. தம்பி தங்கைகளை இடுப்பில் வைக்கக் கூடாது. போதிய அளவு வலுக் குறைந்ததும் பயிற்சியைத் தொடங்கலாம்.

ஜாக்குலின் இதைப் பெற்றோர்களிடம் படித்துக் காட்டியபோது மரியம் பீவி கடைசி வரைக்கும் கேட்டாள். பிறகு சொன்னாள்: "நான் அன்னிக்கே சொன்னேன். அளக்கும்போதே தெரியும். அப்ப தண்ணி யாரு தூக்குவா? பையத் தூக்க ஆளு வெச்சிகினு ஒருத்தர் வந்தாரே, அவரா?"

அர்ஷியா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தாள். மறுநாள் கருவியைக் கையில் வாங்கிக்கொண்டு, ஜாக்குலினை நிமிர்ந்து பார்த்து, கடைக்காரர் கேட்பது போலச் சாதாரணமாகக் கேட்டாள்.

"எவ்ளோ வேணும் மிஸ்?"

"இன்னாது?"

"எவ்ளோ காட்டணும்? பதினாலு போதுமா?"

முள் பதினாலில் வந்து நின்றது, நடுங்கக்கூட இல்லை. பிரதாப் மகிழ்ந்துபோய் எழுதிக்கொண்டார். அன்று மாலை படிக்கட்டில் அர்ஷியா மற்றவர்களுக்கும் சொல்லிக் கொடுத்தாள். பத்தொன்பது பேரும் பதினாலு. பிரதாப்புக்கு அது சந்தேகமாகப் படவில்லை, ஒழுக்கமாகப் பட்டது. செப்டம்பர் பிறந்ததும் பத்தொன்பது பேரும் பதினைந்து புள்ளி நான்கு. பத்து சதவீதம் என்றால் என்ன என்று ஆறு மாதமாகப் புரியாமல் இருந்த தஹ்சீனுக்குக்கூட அது புரிந்துவிட்டது. "இன்று சதவீதம் எல்லாருக்கும் விளங்கியது. எப்படி விளங்கியது என்பதை அறிக்கையில் சேர்க்கவில்லை" என்று ஜாக்குலின் எழுதினாள். அந்த வரியை எழுதும்போது சிரிப்பு வந்ததற்காகப் பிறகு வருத்தப்பட்டாள்.

வருத்தம் சரிதான் என்பது அடுத்த வாரம் தெரிந்தது. இருபது மதிப்பெண்ணுக்குக் கணக்குத் தேர்வு வைத்தாள். இரண்டு வருடத்தில் பத்தொன்பதுக்குக் கீழே இறங்காத அர்ஷியா பதினாலு எடுத்திருந்தாள். தாளைப் புரட்டினால் கடைசி மூன்று கணக்கும் சரியாகப் போட்டு, பிறகு ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தன.

"எதுக்குடி அடிச்சே?"

"இருவது எடுத்துட்டா அடுத்த மாசம் இன்னா பண்றது மிஸ்? மேல போவ எடம் இல்லியே."

 அன்று ஜாக்குலின் நாட்குறிப்பில் தேதியை மட்டும் எழுதினாள்.

கையேட்டுக்குப் படம் எடுக்கும் நாள் வந்தது: செப்டம்பர் பதினெட்டு, வியாழக்கிழமை. பேருந்து நிறுத்தத்தில் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையும் அதன் மேல் "வலைப்பயிற்சி முன்மாதிரி மையம் வரவேற்கிறது" என்ற பலகையும் முளைத்தன. திருவேங்கடம் தன் பரிவாரத்தோடு ஏரிக்கரைக்கு நடந்தார். ஏரியில் வலை இறங்க வேண்டும், பிள்ளைகள் இழுக்க வேண்டும், பின்னால் சூரியன் இருக்க வேண்டும் என்பது ஏற்பாடு.

குப்பத்துப் பெரியவர்கள் ஏழெட்டுப் பேரோடு அந்தோணிசாமி குறுக்கே வந்து நின்றார்.

"சார், வலைய தண்ணில எறக்காதீங்க. இன்னிக்கு உங்க பாடு இல்ல."

"நான் எதுக்குப் பாடணும்?"

"பாட்டு இல்ல சார். பாடு. மொற. எந்த நாளு, எந்த எடத்துல, யாரு வலை எறங்கும்னு ஊர்ல ஒரு மொற கீது. எங்க தாத்தன் காலத்துலேர்ந்து அதான். மொற இல்லாம ஒரு வலை எறங்குச்சுனா சண்ட வந்துடும்."

"இது அரசாங்க வலை!"

"வலை அரசாங்கத்துது. தண்ணி ஒண்ணுதானே சார்."

"சரி, எங்க பாடு எப்ப வரும்?"

பெரியவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டார்கள். "பட்டியல்ல உங்க பேரே இல்லியே. உங்க அப்பா, தாத்தா யாருனா இந்த ஏரியில வலை போட்டிருந்தா ஊர்க்கூட்டத்துல சொல்லலாம்."

திருவேங்கடம் இருபத்தாறு ஆண்டுகளாக மற்றவர்களுக்குச் சொல்லி வந்த பதில் இது. தனக்கே சொல்லப்பட்டபோது அவரால் உடனே அடையாளம் காண முடியவில்லை. வலையைக் கரை மணலிலேயே இழுப்பது என்று முடிவாயிற்று. ஆனால் படமெடுப்பவருக்குத் திருப்தி இல்லை.

"வெறும் வலை சார். வெயிட்டே தெரியல. உள்ள எதுனா வெக்கணும்."

மீன் வைக்கலாம் என்றார் ஒருவர். மீன் பயனுள்ளது, அது குழந்தைத் தொழில். மணல் மூட்டை? மணல் வேறு துறை. கருங்கல்? அது கரைத் தடுப்புக்கு ஆகும் பொருள். பிரதாப் விதிப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். "எடை இருக்கணும் சார். ஆனா அதால யாருக்கும் எந்தப் பயனும் இருக்கக் கூடாது" என்றார். எல்லாரும் சுற்றும் முற்றும் பார்த்தார்கள். கரையில் கிடந்த கயிறு, கூடை, கட்டை, எதை எடுத்தாலும் யாருக்காவது ஒரு உபயோகம் இருந்தது. 

"அப்ப சாரே குந்தட்டும்" என்றார் அந்தோணிசாமி.

பையைப் பிடித்திருந்தவருக்கு இருமல் வந்துவிட்டது. ஆனால் திருவேங்கடத்தின் முகம் மலர்ந்தது.

"அருமை! இந்த மீனவ நண்பர் சொன்னது எனக்கு ஏன் தோன்றவில்லை? இந்த இயக்ககத்தில் எடை என்று ஒன்று இருந்தால் அது நான்தான். மற்றவர்கள் எல்லாம் ஏதோ ஒரு வேலை செய்கிறார்கள். என்னை நம்பி எந்த வேலையும் இல்லை. ஒரு தலைவன் இழுக்கப்படத் தயாராக இருக்க வேண்டும். நாற்காலி கொண்டு வாருங்கள்!"

வலை விரிக்கப்பட்டது. அதன் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதில் திருவேங்கடம். வலையின் கண்கள் பெரியவையாக இருந்ததால் அவருடைய கால்கள் இரண்டும் இரண்டு கண்களுக்குள் போய்விட்டன. அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. படத்தில் ஏரி பின்னால் வர வேண்டும் என்பதற்காகப் பிள்ளைகளைத் தண்ணீர் ஓரமாக நிறுத்திக் கயிற்றைக் கொடுத்தார்கள். பிரதாப் விசில் ஊதினார்.

பத்தொன்பது பேரும் இழுத்தார்கள். நாற்காலி அசையவில்லை.

"இன்னும்!" என்றார் திருவேங்கடம்.

அசையவில்லை. பிள்ளைகளின் முகத்தில் கஷ்டமும் இல்லை. எல்லாரும் மாதக் கணக்குப்படி, பத்து சதவீதம் கூட்டி, சரியாக இழுத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுதானா என்று படமெடுப்பவர் கேமராவை இறக்கினார்.  கயிற்றின் முனையில் நின்றிருந்த அர்ஷியா திரும்பி ஜாக்குலினைப் பார்த்தாள்.

"எவ்ளோ வேணும் மிஸ்?"

ஜாக்குலின் எதற்கும் மூன்று முறை யோசிப்பவள். வகுப்பு என்ன ஆகும், சாவி என்ன ஆகும், பட்டியலில் எந்த இடத்துக்கு மையம் போகும் என்று அவளுக்கு யோசிக்க நிறைய இருந்தது. மூன்று கணக்குகளின் மேல் விழுந்த ஒரே கோடு கண் முன்னால் வந்தது.

"இருக்கறது மொத்தமும்" என்றாள்.

அதன் பிறகு நடந்தது கொஞ்ச நேரம்தான். நாற்காலி முதலில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, பிறகு ஓடியது. மணலில் பதினைந்து அடி, ஈர மண்ணில் பத்து அடி, சேற்றில் ஐந்து அடி. "போதும்" என்று திருவேங்கடம் சொன்னது விசில் சத்தத்தில் கேட்கவில்லை. பிள்ளைகள் முழங்கால் தண்ணீருக்குள் இறங்கி நின்றபோது அவர் நாற்காலியை விட்டுப் பிரிந்து, இடுப்பளவு தண்ணீரில், மஞ்சள் வலைக்குள், உட்கார்ந்த வாக்கிலேயே இருந்தார்.

கரையில் சிரிப்பு எழுவதற்கு முன் பெரியவர்களின் முகம் இறுகியது. வலை தண்ணீரில் இறங்கிவிட்டது.

"மொற தப்பி வலை எறங்கிடுச்சு" என்றார் ஒருவர்.

"எறங்கினா இன்னா சட்டம்?" என்று பிரதாப் பயந்துபோய்க் கேட்டார்.

"வலையும் அதுல பட்டதும் ஊருக்கு."

எல்லாரும் வலையில் பட்டதைப் பார்த்தார்கள். அந்தோணிசாமி தண்ணீரில் இறங்கி, திருவேங்கடத்தின் கால்களை வலைக்கண்களிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துவிட்டார். "இத வெச்சிகினு ஊரு இன்னா பண்ணும்? பாவம், வுட்ருங்கோ" என்றார். சின்ன மீனைத் திரும்பத் தண்ணீரில் விடும்போது சொல்வது போலத்தான் சொன்னார்.

மையத்தை மூடிவிடுவார்கள் என்று ஜாக்குலின் ஆறு நாள் காத்திருந்தாள். ஆறாம் நாள் உத்தரவு வந்தது. அவள் நினைத்தது சரி. காரணம்தான் வேறு.

"மேற்படி மையத்தின் சிறார்கள் இணை இயக்குநர் ஒருவரை அவர் இருந்த இடத்திலிருந்து முப்பது அடி நகர்த்தியுள்ளனர். இது கடந்த இருபத்தாறு ஆண்டுகளில் எத்துறையாலும் இயலாத சாதனையாகும். இதன் மூலம் மையம் தன் வலு இலக்கை முழுமையாக எட்டிவிட்டதால், இனி அங்கு வகுப்பு தேவையில்லை எனக் கருதி, மையம் வெற்றிகரமாக நிறைவுற்றதாக அறிவிக்கப்படுகிறது. அறை வலைக் கிடங்காகத் தொடரும். சாவியை 30ஆம் தேதிக்குள் பயிற்சி வல்லுநரிடம் ஒப்படைக்கவும்."

தெருக்குழாயடியில் வைத்து அவள் இதைப் படித்தாள். மரியம் பீவி குடத்தை இறக்கி வைத்தாள்.

"அப்ப நல்லா செஞ்சதுக்குத்தான் மூடறாங்க?"

"ஆமாக்கா."

"பொட்டிங்க?"

"உள்ளயே இருக்கும்."

"ஐப்பசில புயலு வந்தா நாம எங்க போறது? பொட்டி மேல ஏறிக் குந்தறதா? அது யாரு கட்டடம்? புயலுக்குனு கட்டினது. வலைக்குனா கட்டினாங்க?"

ஜாக்குலின் உத்தரவை மறுபடி படித்தாள். மையம் நிறைவுற்றது. சரி. மையம் என்று ஒன்று இல்லையென்றால், மையத்தின் பெட்டிகள் புயல் கட்டடத்தில் எதற்கு? இதில் எங்கோ ஒரு தப்பு இருக்க வேண்டும், இருந்தால் அது தன்னுடையதாகத்தான் இருக்க வேண்டும் என்று வழக்கம்போலத் தேடினாள். கிடைக்கவில்லை.

"பஸ் ஸ்டாப்ல அவங்களே ஒரு கொட்டாய் போட்டு வெச்சிகீறாங்களேக்கா. பேரும் எழுதிக் கீது" என்றாள்.

"கூரை ஒழுவாதே?"

"தகரம்தான்."

"அப்ப அங்க வெக்கலாம்" என்றாள் மரியம் பீவி. பிறகு வழக்கமான சந்தேகத்தோடு கேட்டாள்: "எடம் காலியானா நீ வகுப்பு எடுப்பியா? இல்ல, உத்தரவு இல்லனு சொல்லுவியா?"

ஜாக்குலின் இந்த முறை ஒரு தடவைதான் யோசித்தாள்.

28 செப்டம்பர், ஞாயிறு. இனி மாத அறிக்கை கிடையாது. எனவே இது எனக்காக மட்டும். பிரதாப் சார் செவ்வாய்க்கிழமை சாவிக்கு வருகிறார். கொடுப்பதா வேண்டாமா என்று இன்னும் முடிவு செய்யவில்லை; வகுப்பு நடக்கும்போது வந்து கேட்கட்டும். நாளை மாலை நான்கு மணிக்குப் பெட்டிகளை இறக்க வேண்டும். மொத்தம் நூற்று நாற்பது, படி இருபத்திரண்டு. நைனாவோடு ஒன்பது பேர் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மரியம் பீவியோடு ஆறு பேர். பெரியவர்கள் பெட்டிகளை இறக்க வேண்டும், பிள்ளைகள் பெஞ்சுகளைத் துடைத்துப் போட வேண்டும். ஐந்தரைக்குத் தரையைப் பெருக்கிவிட்டு வகுப்பு: பின்னங்களின் கூட்டல், பத்துக் கணக்கு.